சாரம் கட்டிய அமெரிக்கர்

பாரிஸில் லா சப்பல் மெட்ரோப் படிகளுக்குக் கீழே, ஒரு துளி மழையும் இல்லாத காலையில், செம்மஞ்சள் நிறக் குடையொன்றை விரித்துப் பிடித்தபடி நின்றேன். தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ரயில் போகும்போதெல்லாம் குடைப்பிடி கைக்குள் அதிர்ந்தது. பக்கத்தில் தள்ளுவண்டி வைத்துச் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். புகை நேரே என் முகத்துக்கு வந்தது. நகர முடியாது. நான் நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று தாளில் எழுதித் தந்திருந்தார்கள்.

தெரிந்த முகங்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் அவ்வழியால் வரும். மரக்கறி வாங்கப் போன ஒருவர் வானத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என்ன ரஜனி, சுகமில்லையே?" என்று கேட்டார். வேலைக்கு நிற்கிறேன் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

செப்டெம்பர் மாதம் என்று ஞாபகம். ஆண்டைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மகள் திருத்துவாள். மெட்ரோவில் காகித டிக்கெட் மெல்ல மெல்ல இல்லாமல் போய், எல்லோரும் அட்டைக்கு மாறிக்கொண்டிருந்த காலம்.

அன்று எனக்குப் பரீட்சை. அமெரிக்காவிலிருந்து வரும் உல்லாசப் பயணிகளை லா சப்பல் தெருக்களால் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். எங்கள் தமிழ்க் கடைகளைக் காட்ட வேண்டும், கதை சொல்ல வேண்டும், கடைசியில் மதியச் சாப்பாடு கொடுத்து அனுப்ப வேண்டும். இதற்கு ஒரு சின்ன நிறுவனம் ஆள் தேடியது. விளம்பரத்தைக் கண்டுபிடித்ததும் விண்ணப்பம் எழுதியதும் என் மகள் ஆரணி. உனக்குத்தான் அங்கே எல்லோரையும் தெரியுமே அம்மா என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமலே அனுப்பிவிட்டாள்.

நிறுவனத்திலிருந்து கமீல் என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் கைபேசி. அதில் ஒரு படிவம், படிவத்தின் தலைப்பில் என் பெயர், கீழே வெறும் கட்டங்கள். நான் செய்வதைப் பார்த்துக் கட்டங்களை நிரப்புவது அவள் வேலை.

குடையை அடையாளம் கண்டு வரவேண்டிய அமெரிக்கர்கள் இன்னும் வரவில்லை.

ஒரு அட்டை, இரண்டு ஆட்கள்

இருபது நிமிடம் பிந்தி மூன்று பேர் படியிறங்கி வந்தார்கள். கென், அவருடைய மனைவி நான்சி, நான்சியின் தங்கை டோனா. ஒஹாயோவிலிருந்து வந்திருந்தார்கள். கென் ஓய்வு பெற்ற தீயணைப்புப் படைக்காரர். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், அதற்கேற்ற அகலம். வந்ததும் வராததுமாக மன்னிப்புக் கேட்டார்.

நடந்தது இதுதான். ஒரு அட்டையில் பத்துப் பயணங்களை ஏற்றியிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு அட்டை போதும் என்பது அவர்கள் எண்ணம். நான்சி அட்டையைக் காட்டி உள்ளே போய்விட்டு, வேலிக்கு மேலால் அதைக் கென்னிடம் நீட்டியிருக்கிறார். இயந்திரம் சிவப்பு விளக்குக் காட்டிவிட்டது. ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும் என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கைவிரலால் எண்ணிக் காட்டும்வரை, மனைவி ஒரு நாட்டிலும் கணவன் ஒரு நாட்டிலும் நின்றதுபோல நின்றார்களாம்.

இதைச் சொல்லும்போது நான்சி சிரித்தார். கென் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

அறைகளில் அறிந்தவர்கள்

அமெரிக்கர்களை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். ஆனால் அவர்கள் இல்லாத நேரத்தில்தான் தெரியும்.

ஹோட்டலில் அறை துப்புரவு செய்த காலத்தைப் பற்றி இந்தப் பத்தியில் போன வாரங்களில் எழுதினேன்; பரீட்சை நாளிலும் அந்த வேலையில்தான் இருந்தேன். அப்போது சொல்லாமல் விட்ட ஒன்று. அறைக்குள் நுழைந்த உடனேயே இது அமெரிக்கர் அறை என்று சொல்லிவிடுவேன். அவர்கள் நாட்டு மின்சாரத்துக்குச் செய்த தலைமுடி உலர்த்தியை எங்கள் செருகியில் மாட்டி, அது கருகி, அந்த மணம் திரைச்சீலையில் நிற்கும். ஐஸ் வைக்கிற வாளியைத் தேடி எல்லா அலுமாரியும் திறந்து கிடக்கும். முகம் கழுவச் சின்னத் துவாய்த் துணி ஏன் இல்லை என்று அழகான எழுத்தில் ஒரு காகிதத் துண்டு இருக்கும். அதே துண்டின் கீழே நன்றி என்று எழுதி, பக்கத்தில் சில்லறையும் இருக்கும். வேறு நாட்டுக்காரர் எனக்கு அப்படி எழுதி வைத்ததில்லை.

முதலாம் மாடி விஷயத்தில் அவர்களோடு நாங்கள் பட்ட பாடு பெரிது. அவர்களுக்கு நிலமட்டம்தான் முதலாம் மாடி. பிரான்ஸில் நிலமட்டத்துக்கு எண் இல்லை. அதற்கு மேலே இருப்பதுதான் ஒன்று. ஒருமுறை நான் கட்டில் விரித்துக்கொண்டிருந்த அறைக்கதவை ஒரு அமெரிக்கத் தாத்தா பத்து நிமிடம் சாவி அட்டையால் தட்டிக்கொண்டிருந்தார். திறந்தேன். என்னைக் கண்டு, தன் மனைவி எங்கே என்று கேட்டார். மனைவி சரியாக ஒரு மாடிக்கு மேலே இருந்தார்.

அப்படி அறைகளால் தெரிந்தவர்களை முதன்முறையாக ஆற அமர ஆளாகப் பார்க்கப்போகிறேன் என்ற குதூகலம் அன்று காலை என்னைக் குளிக்கக்கூட நிதானமாக விடவில்லை.

வணக்கம் சொல்லாதவர்

ரூ காய் என்ற தெருவில் முதல் கடை மளிகைக்கடை. முருங்கைக்காய், கருவேப்பிலை, பெட்டியோடு மாம்பழம். கென் நேரே உள்ளே போய், ஒரு பாகற்காயைத் தூக்கி, இது என்ன, எப்படிச் சாப்பிடுவது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கல்லாவில் இருந்தவர் நம்ம ஆள்தான், யாழ்ப்பாணத்தவர்தான். ஆனால் அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கென் இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டார். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

நான் கென்னின் காதருகே போய், முதலில் போன்ஜூர் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். கல்லாக்காரர் உடனே தலை நிமிர்ந்து, போன்ஜூர் மிஸியூ என்று முகம் மலர்ந்து, பாகற்காயின் சரித்திரம் முழுக்கச் சொன்னார்.

கென்னுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. ஆறு நாட்களாக ஒவ்வொரு கடையிலும் தன்னை ஏன் முறைத்தார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது என்றார். அவர் ஊரில் நேரே விஷயத்துக்கு வருவதுதான் மரியாதையாம். கடைக்காரரின் நேரத்தை வீணாக்கக் கூடாது.

நானும் இந்தப் போன்ஜூரைப் பட்டுத்தான் படித்தேன். வந்த புதிதில் வீட்டுக்குக் கீழே இருந்த பாண் விற்கும் பேக்கரியில் விரலால் ஒரு பாணைக் காட்டினேன். அந்த அம்மா போன்ஜூர் என்றார். நான் மறுபடி காட்டினேன். அவர் மறுபடி போன்ஜூர் என்றார். மூன்றாம் முறை எனக்குப் பின்னால் நின்றவர்கள் இருமத் தொடங்கினார்கள். பாணே வேண்டாம் என்று வெளியே வந்து, தெருவில் நின்று அழுதேன். இன்றைக்கு எங்கள் கல்லாக்காரர்களே அந்த அம்மாவைப்போல ஆகிவிட்டார்கள் என்பதைக் கென்னின் புண்ணியத்தில் கவனித்தேன்.

அடுத்த கடையில் கென் வாசலிலேயே நின்று போன்ஜூர் சொன்னார். உள்ளே ஒருவரும் இல்லை. அரிசி மூட்டைகளுக்குச் சொன்னார்.

கதவைப் பிடித்த மரியாதை

பிறகுதான் அது நடந்தது.

மூன்று பேருக்கும் கழிப்பறை தேவைப்பட்டது. பாரிஸுக்கு வருகிற அமெரிக்கர்களுக்கு இது ஓயாத கவலை. அவர்கள் ஊரில் எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து போய் வரலாமாம். இங்கே கோப்பி ஒன்று வாங்காமல் கேட்டால் பரிசாரகர் தூரத்தில் எதையோ பார்ப்பார். நான் அவர்களை அகலத் தெருவில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனேன். காசு வேண்டாம், பொத்தானை அமத்தினால் கதவு திறக்கும், எல்லாம் தானாக நடக்கும் என்று பெருமையாகச் சொன்னேன்.

எல்லாம் தானாக நடக்கும் என்றால் என்னவென்று விளக்கவில்லை. அதுதான் என் பிழை. ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி, உள்ளே யாரும் இல்லாதபோது அந்த அறை தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். கழுவி முடிந்து பச்சை விளக்கு வந்த பிறகுதான் அடுத்த ஆள் போக வேண்டும்.

டோனா முதலில் போனார். அந்த இடைவெளியில் நான்சி, நான் எந்த மாடியில் வசிக்கிறேன் என்று கேட்க, நான் எனக்குப் பிடித்த மாடிக் கதையைத் தொடங்கிவிட்டேன். டோனா வெளியே வந்தார். பின்னால் வருகிறவருக்குக் கதவைப் பிடித்து நிற்பது அவர்கள் ஊரில் சின்ன வயதிலேயே ஊட்டுகிற மரியாதை. கதவைப் பிடித்தார். கென் நன்றி சொல்லி உள்ளே போனார். கமீல் கையை உயர்த்தினாள். நான் திரும்பினேன். கதவு மூடிவிட்டது.

முதலில் உள்ளே ஒரு இரைச்சல் கேட்டது. அதன் பிறகு கென்னின் குரல். வார்த்தையாக இல்லை.

கதவு திறந்தபோது அவர் தொப்பியையும் கைபேசியையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். இடுப்புக்குக் கீழே ஒரு அங்குலம்கூடக் காயவில்லை. காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள்ளிருந்து தண்ணீர் வெளியே வந்தது. டோனா வாயைப் பொத்திக்கொண்டார். நான்சியின் முகம் வெளுத்துவிட்டது. தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

எனக்கு அந்தக் கணத்தில் தெரிந்ததெல்லாம் கமீலின் கைபேசியில் இருந்த கட்டங்கள்தான்.

நொன்

கமீல் அமைதியாகத்தான் பேசினாள். வாடகைக் கார் கூப்பிடுகிறேன், அவர்கள் ஹோட்டலுக்குப் போய் உடை மாற்றட்டும், இன்றைய நடை இத்துடன் முடிந்தது என்றாள். ஹோட்டல் நகரத்தின் மற்றப் பக்கத்தில் இருந்தது. போனால் திரும்ப வர மாட்டார்கள். கென் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய பையனின் முகம் அந்தப் பெரிய மனிதருக்கு வந்திருந்தது.

ஹோட்டலில் நான் வேலை செய்த காலம் முழுவதும் மேலே இருந்து யார் எதைச் சொன்னாலும் என் பதில் ஒன்றுதான். உய், மதாம். சரி அம்மா. அன்றும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நொன்" என்றேன். முடியாது.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. கமீல் என்னைப் பார்த்தாள். இரண்டு நிமிட நடையில் புடவைக்கடை இருக்கிறது, அங்கே காய்ந்த துணி இருக்கிறது, பக்கத்திலேயே சாப்பாட்டுக்கடை, அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று பிரெஞ்சில் அடுக்கினேன். பெண்பால் ஆண்பால் எல்லாம் மாறியிருக்கும். கவலைப்படவில்லை.

இது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றாள் கமீல்.

நான் கென்னிடம் திரும்பினேன். உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது என்றேன். ஒன்று, காரில் ஹோட்டலுக்குப் போகலாம். மற்றது, எங்கள் ஆண்கள் வீட்டில் உடுப்பதை உடுத்துக்கொண்டு என்னோடு வந்து நண்டுக் கறி சாப்பிடலாம்.

அவர் யோசிக்கவே இல்லை. "நண்டு" என்றார்.

அப்படியானால் பொறுப்பு உங்களுடையது என்று கமீல் என்னிடம் சொல்லிவிட்டு, கைபேசியில் எதையோ எழுதினாள்.

முப்பது வருடம் தண்ணீர்

புடவைக்கடை யோகா அக்கா, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு மலை தன் கடைக்குள் நுழைவதைக் கண்டு எழுந்து நின்றார். மலை போன்ஜூர் சொன்னது. யோகா அக்காவும் சொன்னார். நான் நிலைமையை விளக்கினேன். பச்சைக் கட்டம் போட்ட சாரம் ஒன்றை எடுத்து விரித்தார். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கள் சாரம் என்பது உங்கள் லுங்கி.

கென் உடை மாற்றும் அறைக்குள் போனார். நெடுநேரம் வரவில்லை. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து, இது நிற்கவில்லை என்று பரிதாபமாகச் சொன்னார்.

"எனக்கேன் இந்த வேலை," என்றார் யோகா அக்கா. "தேவன் அண்ணையைக் கூப்பிடு."

தேவன் அண்ணைதான் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை. ஏப்ரனோடு வந்தார். திரைக்குள் புகுந்தார். உள்ளே இரண்டு மொழியிலும் முனகல் கேட்டது. தேவன் அண்ணைக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். கென்னுக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. ஆனாலும் கென் விடாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை தலையை வெளியே நீட்டினார்.

"என்னவாம் ரஜனி இவர்?"

கென் சொன்னது இது: முப்பது வருடம் நான் ஊருக்கே தண்ணீர் அடித்தேன், இன்றைக்குத் தண்ணீர் என்னை அடித்துவிட்டது. நான் அவசரத்தில் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

"முப்பது வருசம் தண்ணி அடிச்சவராம், அண்ணை."

அண்ணை திரைக்குள் திரும்பி ஆளை மேலும் கீழும் பார்த்தார். "ஆளைப் பார்த்தா அப்பிடித் தெரியேல்லையே," என்றார் இரக்கத்தோடு. "இப்ப விட்டிட்டாரோ?"

யோகா அக்கா துணிக்கட்டின் மேல் சாய்ந்து சிரித்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அமெரிக்கர்களுக்கு விளக்கினேன். எங்கள் மொழியில் தண்ணீர் அடிப்பதென்றால் குடிப்பது. நான்சி நடைபாதையில் குந்தியிருந்து சிரித்தார். கமீலுக்கும் பிரெஞ்சில் சொன்னேன். அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கென் வெளியே வந்தார். பச்சைச் சாரம், அதன் மேல் சொந்த பெல்ட், மேலே ஒஹாயோ பனியன், காலில் யோகா அக்கா தேடிக் கொடுத்த ரப்பர் செருப்பு. குதிக்கால் நான்கு விரல் அளவு வெளியே நின்றது. கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். தெருவில் நின்ற எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும், மடிச்சுக் கட்டினால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நண்டு

தேவன் அண்ணையின் கடையில் ஏழு மேசைதான். காலையில் பிரெஞ்சுச் சமையலறைகளில் வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள் ஏற்கெனவே இரண்டு மேசையில் இருந்தார்கள். இடியப்பம், சொதி, சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி, நடுவில் நண்டு.

கென் தயங்கித் தயங்கி, ஐஸ் போட்ட தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். போன இடமெல்லாம் இரண்டு கட்டிதான் கொடுத்தார்களாம். மூன்றாவதைக் கேட்கப் பயந்துவிட்டாராம். அண்ணை பலூடாவுக்கு வைத்திருந்த ஐஸைக் கூசா என்ற தண்ணீர் ஜாடி நிறையக் கொண்டுவந்து வைத்தார். தண்ணீருக்குக் காசில்லை என்றதும் டோனா போத்தல் தண்ணீர் வாங்கிய ஆறு நாளையும் நினைத்துத் தலையில் கை வைத்தார். எந்தக் கடையிலும் கூசாத் தண்ணீர் என்று கேட்டால் சும்மா தருவார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன்.

டோனா கத்தியும் முள்ளுக்கரண்டியும் கேட்டார். நண்டைப் பார்த்தார். கேட்டதைத் திருப்பிக் கொடுத்தார். நான் காலை உடைத்து, சதையை உருவி, குழம்பில் தோய்த்து, இடியப்பத்தோடு சேர்த்துக் காட்டினேன். கென் பின்பற்றினார். இரண்டாம் வாயில் மூக்கும் கண்ணும் ஓடத் தொடங்கியது. நிறுத்தவில்லை. விலா எலும்புக்கறியை எங்கள் ஊரில் இப்படித்தான் சாப்பிடுவோம், இங்கே பீட்சாவைக்கூடக் கத்தியால் வெட்டுகிறார்களே என்றார். கமீல் அதுவரை இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்தாள்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் நான்சி என் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினார். கென் தன் நாட்டை விட்டு வெளியே வந்தது இதுதான் முதல் தடவையாம். வர விருப்பமில்லை, நான்சிக்காக வந்தாராம். வந்த நாளிலிருந்து எங்கே நின்றாலும் பிழை, எதைத் தொட்டாலும் பிழை. நேற்றுக் காலை படுக்கையில் இருந்தபடி, வீட்டுக்குப் போவோம் என்று சொன்னாராம். எரிகிற வீட்டுக்குள் போய் ஆட்களைத் தூக்கிவந்தவர், ஒரு கோப்பிக்கடைக்குள் போகப் பயந்தாராம்.

"இன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை செய்தார்," என்றார் நான்சி. "ஒருவரும் அவரை முட்டாளாகப் பார்க்கவில்லை."

நான் நான்சியின் தட்டில் இன்னொரு நண்டுக்கால் வைத்தேன்.

கென் சாரத்தோடே இருக்க, அவர்கள் மெட்ரோவில் போனார்கள். ஈரக் காற்சட்டை யோகா அக்காவின் கடைப் பையில் இருந்தது. ஆளுக்கொரு அட்டையோடு மூவரும் வரிசையாக உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கமீல் படிவத்தை எனக்குக் காட்டவில்லை. கழுவியும் விரலிலிருந்து போகாத மஞ்சளைப் பார்த்தபடி, தொலைபேசியில் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வெளியே

இரண்டு நாள் என் கைபேசியை நான் குசினிக்கும் குளியலறைக்கும் காவித் திரிந்தேன். மூன்றாம் நாள் கமீல் அழைத்தாள். செவ்வாய், வியாழன், சனி. ஒரு குழுவில் எட்டுப் பேர். கழிப்பறை பற்றிய விளக்கம் முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லப்பட வேண்டும். அவ்வளவுதான். அந்த "நொன்" பற்றி அவள் எதுவும் பேசவில்லை. 

ஆரணி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். முழங்கால் வலிக்கிற நானும் குதித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஹோட்டலுக்குப் போய் வேலையை விடுகிற கடிதத்தைக் கொடுத்தேன். மேற்பார்வைக்காரி வாசித்துவிட்டு, வேறு ஹோட்டலா என்று கேட்டாள். இல்லை, ஆட்களுக்குத் தெருக் காட்டப் போகிறேன் என்றேன். நல்லது என்று கைகுலுக்கினாள். அலுமாரிச் சாவியையும் சீருடையையும் வாங்கிக்கொண்டாள்.

வழக்கமாக நாங்கள் போவது பின்பக்கத்துக் குப்பைத்தொட்டிகளுக்கு நடுவால். அன்று என் கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வரவேற்பு மண்டபத்தின் கம்பளத்தின் மேல் நடந்தேன். வாசலில் பித்தளையும் கண்ணாடியுமாகச் சுழல்கதவு. அத்தனை வருடத்தில் ஒருநாளும் அதற்குள் கால் வைத்ததில்லை. அதன் ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் புகுந்து தள்ளினேன். எங்கே இறங்குவதென்று தெரியாமல் தெருப்பக்கத்தைத் தவறவிட்டு, மறுபடி மண்டபத்தைக் கண்டு, வாசல்காரர் சிரிப்பதையும் கண்டு, இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

இரண்டாம் சுற்றில் வெளியே இறங்கினேன். நல்ல வெயில்.